சீமையிலிருந்து இறங்கிய ஜானி: ஃபெலா குத்தியின் ஒரு பாடலில் எள்ளலும் அதன் எல்லையும்

முன்னுரை

நகைச்சுவை மிக்க பாடல்களை ஆய்வுக்குரியனவாகக் கொள்வதில் கல்வியாளரிடையே ஒரு தயக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அவலமும் வீரமும் ஆராயத் தக்கவை; சிரிப்போ கேட்டு மகிழ்ந்து மறக்கத் தக்கது என்னும் எண்ணம் நம்மையும் அறியாமல் நம்முள் படிந்துள்ளது. மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலாவதாக வைத்தவர் தொல்காப்பியர் என்பதை வகுப்பறையில் சொல்லித் தருகிறோம். கட்டுரை எழுத அமரும்போது மட்டும் அழுகையையே தேடிப் போகிறோம். இக்கட்டுரை அவ்வழக்கத்திலிருந்து சற்றே விலகி, மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரிய நாட்டில் 1977ஆம் ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்த ஒரு விளையாட்டுப் பாடலை எடுத்துக்கொள்கிறது.

பாடலின் பெயர் ‘ஜே.ஜே.டி.’, விரித்தால் ‘ஜானி ஜஸ்ட் டிராப்’. ‘ஜானி இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறான்’ என்பது பொருள். இயற்றிப் பாடியவர் ஃபெலா அனிகுலாப்போ குத்தி (1938-1997). வெளிநாட்டில் சில காலம் இருந்துவிட்டு இலாகோஸ் நகரத்துக்குத் திரும்பிய ஒருவனைத் தெருவில் நின்றபடி கேலி செய்வதே பாடலின் முழுப் பொருளும். கதை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஒருவன் நடந்து போகிறான், பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான். ஆயினும் இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடி, இசைத்தட்டின் இரு பக்கங்களையும் இப்பாடல் ஒன்றே நிரப்பிவிடுகிறது.

ஒப்பிலக்கிய வகுப்பு ஒன்றில் இப்பாடலை மாணவர்களுக்குக் கேட்கச் செய்தோம். நைஜீரியத் தெருக்களில் வழங்கும் பிட்ஜின் ஆங்கிலம் அவர்களுள் எவருக்கும் பழக்கமில்லை. இருந்தும் பாடகரின் குரல் எழுந்த சிறிது நேரத்தில் வகுப்பே சிரித்தது. எதற்குச் சிரித்தீர்கள் என்று வினவியபோது, “யாரையோ கிண்டல் செய்கிறார் என்று மட்டும் தெரிகிறது” என்றார் ஒரு மாணவர். பொருளை விளக்கிச் சொன்ன பின்னர் அவரே, “சரி, அந்த ஆள் என்ன தப்புச் செய்தார்?” என்று கேட்டார். அவ்வினாவுக்கு அன்று நாம் சொன்ன விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரை எழுந்ததற்கு அதுவே காரணம்.

பெயரில் உள்ள சிரிப்பு

‘ஜானி ஜஸ்ட் கம்’ என்பது நைஜீரியாவில் பழகிப்போன ஒரு கேலிப் பெயர். ‘ஜே.ஜே.சி.’ என்று சுருக்கியும் சொல்வர். நாட்டுப்புறத்திலிருந்து முதன்முறையாக இலாகோஸுக்கு வந்து, வண்டிகளின் இரைச்சலிலும் கூட்டத்தின் நெருக்கடியிலும் திசை தெரியாமல் திகைத்து நிற்கும் புதியவனுக்கு நகரத்தார் இட்ட பெயர் அது. ஃபெலா செய்தது ஒரேயொரு மாற்றம்தான். ‘வந்தான்’ என்னும் சொல்லை எடுத்துவிட்டு ‘இறங்கினான்’ என்னும் சொல்லை வைத்தார். கிராமத்தான் சாலை வழியாக வந்தவன். இவன் வானத்திலிருந்து இறங்கியவன். இலாகோஸ் பேச்சில் ‘டிராப்’ என்பது பேருந்திலிருந்தும் வாடகை வண்டியிலிருந்தும் இறங்குவதைக் குறிக்கும் அன்றாடச் சொல்லாகவும் இருக்கிறது. ஆகவே விமானத்தில் வந்த பெருமை முழுவதும் அந்த ஒரு சொல்லில் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. மொழியறிந்த கேட்போர் பாடலின் தலைப்பிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவது இதனால்தான்.

நகை தோன்றும் களன்களாகத் தொல்காப்பியம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறுகிறது. இப்பகுப்பினை இங்குப் பொருத்திப் பார்த்தல் பயனுடையது. கிராமத்திலிருந்து வந்த ஜே.ஜே.சி.யைக் கண்டு எழும் நகை, அவனுடைய பேதைமையைக் களனாகக் கொண்டது. அவனுக்கு நகரம் தெரியாது. ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். அதன்பின் அவனே அடுத்து வருபவனைப் பார்த்துச் சிரிப்பான். ஜே.ஜே.டி.யின் நிலை வேறு. அவன் இந்நகரத்தில் பிறந்து வளர்ந்தவன். இதன் வெயிலும் புழுதியும் சந்தையும் அவனுக்குப் புதியன அல்ல. தெரிந்த ஊரைத் தெரியாத ஊர் போலப் பார்க்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். அறியாமை ஒன்று, அறிந்தும் அறியாதவன் போல் ஒழுகுதல் மற்றொன்று. பின்னதற்கு உரிய நகை எள்ளலே. வெளிப்படையாகப் பழிப்பதால் இதனைச் செம்பொருள் அங்கதம் என்று வகைப்படுத்துவதிலும் தடையில்லை.

எள்ளல் பற்றிப் பேராசிரியர் உரையில் ஒரு நுட்பம் உண்டு. தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதலும் என அதனை இரண்டாகக் கொள்கிறார் அவர். முதல் வகை எளிது; உலகின் எல்லாத் தெருக்களிலும் கிடைக்கும். இரண்டாம் வகை அரிது. ஃபெலாவின் பாடலில் இரண்டாம் வகை உண்டா என்பதை நாம் பின்னர்க் காண்போம்.

நடையும் கூட்டமும்

இப்பாடலின் சிறப்பு அதன் சொற்களில் பாதியும் அதன் நடையில் பாதியுமாக இருக்கிறது. 1970களில் ஃபெலா தம் ‘ஆப்பிரிக்கா 70’ குழுவினருடன் வளர்த்தெடுத்த ஆஃப்ரோபீட் இசையில் பாடகர் உடனே பாடத் தொடங்குவதில்லை. டோனி ஆலனின் தாளம் முதலில் நிலைபெறும். கித்தார்கள் சிறு சிறு சொற்றொடர்களைத் திரும்பத் திரும்ப நெய்யும். எக்காளமும் சாக்சபோன்களும் எழுந்து அடங்கும். இவ்வாறு பல நிமிடங்கள் கழிந்த பின்னரே குரல் வரும். அவசரமாகக் கேட்பவர்க்கு இது பொறுமையைச் சோதிப்பது. ஆனால் இப்பாடலில் அக்காத்திருப்பு பொருளோடு இயைந்தது என்பது நம் கருத்து. நாம் முதலில் தெருவில் நிறுத்தப்படுகிறோம். தெருவின் சீரான நடைக்கு நம் காலும் பழகிவிடுகிறது. அதன் பின்புதான், அந்நடைக்குப் பொருந்தாமல் ஒருவன் நடந்து வருகிறான். அவன் நடை தவறு என்று பாடகர் சொல்ல வேண்டியதில்லை. நம் கால்களுக்கே தெரிந்துவிடுகிறது.

பாடகர் ஒரு வரியைச் சொல்ல, குழுவினர் ஜானியின் பெயரைச் சேர்ந்து சொல்லி விடையிறுக்கும் அமைப்பு யொரூபா மக்களின் வாய்மொழி மரபிலிருந்து வந்தது. அவ்விடையிறுப்பால் கேலி தனியொருவருடையதாக இல்லாமல் ஊர்ப்பேச்சாகிவிடுகிறது. பிட்ஜினைத் தேர்ந்ததும் அதே நோக்கில்தான். ஃபெலாவின் தாய்மொழி யொரூபா. கற்ற மொழி நல்ல ஆங்கிலம். ஆனால் யொரூபாவில் பாடினால் இக்போ மக்களுக்கும் ஹௌசா மக்களுக்கும் எட்டாது. நல்ல ஆங்கிலத்தில் பாடினால் ஜானிக்கு மட்டுமே எட்டும். பள்ளிக்கூடங்கள் தள்ளிவைத்த தெருமொழி எல்லாரையும் சேர்த்தது. ஆங்கிலத்தை வெள்ளையர் போலப் பேச முயலும் ஒருவனை, ஆங்கிலத்தையே ஆப்பிரிக்கர் தமக்கெனத் திருத்திக்கொண்ட ஒரு மொழியால் கேலி செய்வதில் உள்ள நயம் தனியே சுவைக்கத் தக்கது.

இசைத்தட்டின் அட்டை, இப்பாடல் ‘கலகூத்தா குடியரசில்’ நேரடியாகப் பதிவு செய்யப்பட்டது என்கிறது. அது ஃபெலா தம் இலாகோஸ் இல்லத்துக்குச் சூட்டிய பெயர். 1974ஆம் ஆண்டு காவலில் இருந்தபோது, அங்கிருந்த கைதிகள் தம் சிறையறைக்கு வழங்கிய பெயரை அவர் எடுத்து வந்து தம் வீட்டுக்கு வைத்தார். கல்கத்தா நகரின் பெயரோடு இதனைத் தொடர்புபடுத்திக் கூறுவதுண்டு. இந்திய ஆய்வியல் துறையினராகிய நமக்கு அது ஒரு சிறிய வியப்பு. பதிவில் கேட்கும் கூட்டத்தின் ஆரவாரம் பாடலின் பகுதியாகவே ஆகிவிட்டது.

இதனை அவருடைய முந்தைய பாடலாகிய ‘ஜென்டில்மேன்’ (1973) என்பதோடு ஒப்பிட்டால் வளர்ச்சி புலப்படும். அங்கும் வெயில்நாட்டில் மேனாட்டு உடை உடுத்துபவனே கேலிக்குரியவன். காலுறை, காலணி, உள்ளாடை, காற்சட்டை, சட்டை, கழுத்துப்பட்டை, கோட்டு, தொப்பி என ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து வியர்த்து நாறும் கனவானின் படம் அப்பாடலில் கூர்மையாக வரையப்பட்டுள்ளது. அவ்விசைத்தட்டின் அட்டையில் கோட்டு அணிந்த உடலுக்குக் குரங்கின் தலை. ஆனால் அப்பாடலில் ‘நான் அப்படிப்பட்டவன் அல்லன்’ என்று கூறும் ஒரு தனிக்குரல் முன்நிற்கிறது. கேட்போர் அந்த ‘நான்’ என்பவனைப் பாராட்ட வேண்டியவராகின்றனர். ஜே.ஜே.டி.யில் அந்த ‘நான்’ பின்வாங்கித் தெருவுக்குள் கரைந்துவிடுகிறது. சிரிப்பு மென்மையானதும் விளையாட்டுத் தன்மை மிகுந்ததும் அதனால்தான். ‘லேடி’ (1972) என்னும் பாடலில் சம உரிமை கேட்கும் பெண்ணை எள்ளும்போது ஃபெலாவிடம் காணப்படும் கடுமையும் இங்கு இல்லை. அப்பாடல் இசையால் வாழ்கிறது, கருத்தால் அன்று.

பாடகர் வந்த வழி

ஜானி யார்? இவ்வினாவுக்கு மிக அருகில் உள்ள விடை பாடகரே என்பது. ஃபெலாவின் பாட்டனார் ஜோசையா ரான்சம்-குத்தி கிறித்துவப் போதகர். யொரூபா மொழியில் கீர்த்தனைகள் இயற்றி, 1920களில் இலண்டன் சென்று இசைத்தட்டுகளில் பதிவு செய்தவர். தந்தையார் போதகரும் பள்ளித் தலைமையாசிரியருமாவார். தாயார் ஃபுன்மிலாயோ, அபெயோகுத்தாவின் பெண்களைத் திரட்டிப் போராடிய தலைவர். இத்தகைய குடும்பத்துப் பிள்ளை 1958இல் மருத்துவம் பயில இலண்டன் அனுப்பப்பட்டார்; அங்கே டிரினிட்டி இசைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். சகோதரர்கள் மருத்துவரானார்கள். இவர் 1963இல் எக்காளத்தோடு ஊர் திரும்பினார்.

திரும்பியவர் வாசித்தது இலாகோஸ் கேட்டிராத ஜாஸ் கலந்த ஹைலைஃப். நடனமாட வந்தவர்களுக்கு அது பிடிபடவில்லை. கற்று வந்த இசையின் அருமை ஊருக்குத் தெரியவில்லையே என்னும் மனத்தாங்கல் அந்நாளில் அவருக்கு இருந்திருக்கும் என்று நாம் கருதுவது மிகையன்று. அதாவது, ஜானியின் மனநிலைக்கு அவர் அயலவர் அல்லர். 1969இல் அவர் அமெரிக்கா சென்றார். அங்கே லாஸ் ஏஞ்சலிசில் சான்ட்ரா ஸ்மித் என்னும் கறுப்பின உரிமைப் போராளியின் நட்பால் மால்கம் எக்ஸின் தன்வரலாற்றைப் படித்தார். ஆப்பிரிக்கராக இருப்பது என்றால் என்ன என்பதை ஆப்பிரிக்கர் ஒருவர் கலிஃபோர்னியாவில் கற்றுக்கொண்டு 1970இல் ஊர் திரும்பினார். பின்னர் ‘ரான்சம்’ என்னும் ஆங்கிலப் பெயரை நீக்கி ‘அனிகுலாப்போ’ என்னும் யொரூபாப் பெயரைச் சூடினார்.

இரண்டாவது முறை திரும்பியவரும் வெளிநாட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தவரே. முதல் முறை கொண்டுவந்தது ஜாஸ். அடுத்து வந்தது ஆப்பிரிக்கப் பெருமிதம். இதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. தொலைவில் நின்றால்தான் ஊர் முழுதாகத் தெரிகிறது என்பது பலருடைய அனுபவம். ஆனால் பாடலில் இதற்கான சுவடே இல்லை. வெளிநாடு சென்று திரும்பியவன் எல்லாம் போலி. ஊரில் நின்றவன் எல்லாம் உண்மை என்னும் பிரிவினை அதில் உறுதியாக இருக்கிறது. இருமுறை விமானத்தில் வந்து இறங்கிய ஒருவர், தெருவில் எப்போதும் நின்றுகொண்டிருந்தவர் போலப் பாடுகிறார். பேராசிரியர் கூறும் இரண்டாம் வகை எள்ளலை, அதாவது தான் நகைக்கப்பட்டவிடத்துத் தானே நகும் நகையை, இப்பாடலில் நாம் தேடிக் காணவில்லை. ஃபெலா ‘நானும் ஒரு காலத்தில் ஜானிதான்’ என்று ஓரிடத்தில் கண்சிமிட்டியிருந்தால் பாடல் இன்னும் உயர்ந்திருக்கும்.

கோட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள்

மாணவர் கேட்ட வினாவுக்கு வருவோம். ஜானி செய்த தப்பு என்ன? வெயிலுக்குப் பொருந்தாத உடை, மூக்கால் பேசும் பேச்சு, ஊரைக் கண்டு முகம் சுளித்தல் ஆகியன. ஆனால் அவ்வுடையை அவன் எதற்காக உடுத்துகிறான்? இவ்விடத்தில் மேற்கு ஆப்பிரிக்கப் புனைகதையும் நாடகமும் பாடலைவிட ஆழமாகச் சென்றுள்ளன.

சீமைக்குப் போய் வந்தவர்களை அங்கே ‘பீன்-டு’ என்று அழைப்பர். சினுவா அச்சிபியின் ‘நோ லாங்கர் அட் ஈஸ்’ (1960) என்னும் புதினத்தின் நாயகன் ஒபி ஒக்கொன்க்வோ அத்தகையவன். அவனை இங்கிலாந்துக்கு அனுப்பியது அரசு அன்று. உமுவோஃபியா என்னும் அவன் ஊர்க்காரர்கள் தமக்குத் தாமே வரி விதித்துச் சேர்த்த 800 பவுன் கடன். அவன் திரும்பி வந்ததும் இலாகோஸில் உள்ள ஊர்ச்சங்கம் வரவேற்பு நடத்துகிறது. எல்லாரும் அக்பாடா என்னும் பேரங்கியிலோ மேனாட்டுக் கோட்டிலோ வந்திருக்க, விருந்தின் நாயகன் மட்டும் புழுக்கம் தாளாமல் வெறும் சட்டையோடு வந்து நிற்கிறான். கூட்டம் ஏமாற்றம் அடைகிறது. செயலாளர் கடினமான சொற்களை அடுக்கி வரவேற்புரை படிக்கிறார். ஒபியோ எளிய ஆங்கிலத்தில் விடையளிக்கிறான். அதுவும் ஏமாற்றமே. 800 பவுன் கொடுத்து வாங்கிய ஆங்கிலம் இவ்வளவு எளிதாகவா இருக்கும்?

ஃபெலாவின் தெருவும் அச்சிபியின் கூட்டமும் ஒரே நகரத்தில்தான் உள்ளன. ஒன்றில், கோட்டு அணிந்ததற்காகச் சிரிக்கிறார்கள். மற்றொன்றில், கோட்டு அணியாததற்காக முகம் வாடுகிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் ஜானியின் நிலை விளங்கும். அந்தக் கோட்டு அவன் ஒருவனுடைய ஆணவத்தால் தைக்கப்பட்டதன்று. அவனுக்காகக் கடன்பட்டவர்கள் தம் பணம் எங்கே போயிற்று என்பதைக் கண்ணால் காண விரும்புகிறார்கள். வெயிலில் வியர்த்தபடி அவன் அவர்களுக்குக் கணக்குக் காட்டுகிறான்.

கானா நாட்டு எழுத்தாளர் அமா அத்தா ஐடூ தம் ‘த டைலமா ஆஃப் அ கோஸ்ட்’ என்னும் நாடகத்தில் இக்கடனை வீட்டு முற்றத்துக்கே கொண்டுவருகிறார். அமெரிக்காவில் படித்து அங்கேயே மணமுடித்துக் கறுப்பினப் பெண்ணொருத்தியுடன் திரும்பும் அட்டோவின் படிப்புக்காக அவன் குடும்பம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. அவர்கள் எதிர்பார்த்தது அடைக்கும் மகனை. அயி க்வெயி அர்மாவின் ‘ஃபிராக்மென்ட்ஸ்’ (1970) இன்னும் கசப்பானது. அதில் பிரெம்போங் என்பவன் எப்படித் திரும்பி வரவேண்டும் என்பதை நன்கு அறிந்தவன். கைநிறையப் பொருளோடு வருகிறான். விமான நிலையத்தில் உறவினர் அவனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகின்றனர். அதே விமானத்தில் பாக்கோ என்னும் எழுத்தாளனும் வருகிறான். கையில் ஒன்றும் இல்லை. கொண்டாடப்படுபவன் ஜானி. மனம் சிதைந்து நோயாளியாவது, ஜானியாக மறுத்தவன்.

இப்படைப்புகளைப் படித்த பிறகு ஃபெலாவின் பாடலைக் கேட்டால் சிரிப்பு முன்போல் இலகுவாக வருவதில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காகப் பாடலைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. புதினம் படிப்போர் அந்நாளில் நைஜீரியாவில் எத்தனை பேர்? இசைத்தட்டு ஓடும் கடைவாசலில் நின்றவர் எத்தனை பேர்? மூட்டை சுமப்பவனும் பேருந்து நடத்துநனும் தம்மைத் தாழ்வாகப் பார்க்கும் ஒருவனைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்க ஒரு பாட்டு கிடைத்தது. அச்சிபியின் புதினம் அவர்களுக்குக் கொடுக்காத ஒன்றை ஃபெலா கொடுத்தார். அது சிறிய கொடையன்று. எனினும், ஜானியைக் கடன்பட்டுப் படிக்கவைத்தவர்களும் அதே மூட்டை சுமப்பவர்கள்தாம். பாடலில் அவர்களுக்குச் சிரிக்கும் பங்கு மட்டுமே தரப்பட்டுள்ளது.

இறங்கியவர்களும் இறக்கிவிடப்பட்டவர்களும்

பாடல் வெளிவந்த காலத்தையும் நோக்க வேண்டும். 1973-74இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியதால் நைஜீரியாவில் பணம் பெருகியிருந்தது. 1977இல் ஒரு நைராவின் மதிப்பு ஓர் அமெரிக்க டாலரைவிட அதிகம். அவ்வாண்டின் தொடக்கத்தில் ‘ஃபெஸ்டாக் 77’ என்னும் மாபெரும் கறுப்பின, ஆப்பிரிக்கக் கலைவிழாவை இராணுவ அரசு இலாகோஸில் நடத்தியது. ஃபெலா அதில் பங்கேற்க மறுத்தார். வெளிநாட்டில் படித்தவன் ஊர் திரும்பினால் வேலையும் வீடும் காரும் காத்திருந்த காலம் அது. ஜானி திரும்பி வந்தது ஊர்ப்பற்றால் மட்டுமன்று. திரும்புவது இலாபமாகவும் இருந்தது. அத்தகைய திரும்புதலைக் கண்டு சிரிப்பது எளிது.

பத்தாண்டுகள் ஆவதற்குள் காட்சி மாறியது. எண்ணெய் விலை சரிந்தது. 1980களின் நடுப்பகுதியில் நைஜீரியத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் அடிக்கடி வந்தது. எனெபெலி எலெபுவா என்னும் நடிகர் நடித்த ஆண்ட்ரூ என்பவன், மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, நான் இந்நாட்டைவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு கிளம்புகிறான். போகாதே என்று சொல்வதற்காக அரசு எடுத்த விளம்பரம் அது. மக்கள் நினைவில் தங்கியதோ போகிறேன் என்ற ஆண்ட்ரூதான். பத்தாண்டுக்குள் ஜானியின் இடத்தை ஆண்ட்ரூ பிடித்துக்கொண்டான். இன்று நைஜீரிய இளைஞர் வாயில் ‘ஜாப்பா’ என்னும் யொரூபாச் சொல் புழங்குகிறது. தப்பி ஓடு என்பது அதன் பொருள். திரும்பி வருபவனை எள்ளிய தெருவில் இப்போது போகும் வழி பற்றிய பேச்சே மிகுதி.

அண்டை நாடான கானாவில் இதற்கு வேறொரு முகம் உண்டு. 1980களில் ஜெர்மனிக்குச் சென்ற கானா நாட்டவர் அங்கிருந்தபடியே மின்னிசைக் கருவிகளால் புதுவகை ஹைலைஃப் இசையை உருவாக்கினர். ஹாம்பர்க் நகரை நினைவூட்டும் ‘பர்கர் ஹைலைஃப்’ என்னும் பெயர் அதற்கு வந்தது. ஜார்ஜ் டார்க்கோ 1983இல் வெளியிட்ட ‘அக்கோ தே புரோஃபோ’ அதன் முதல் பெருவெற்றி. கிளிக்கு ஆங்கிலம் தெரியும் என்பது தலைப்பின் பொருள். ‘பர்கர்’ என்பதே பின்னர் வெளிநாட்டிலிருந்து வந்து பணம் செலவழிப்பவனுக்குப் பெயராயிற்று. அதில் கேலியும் உண்டு, பொறாமையும் உண்டு. டார்க்கோ ஊர் திரும்பி அக்ரோபோங்கில் பாரம்பரியத் தலைவர்களுள் ஒருவரானார். ஃபெலாவின் பாடலில் இவ்வாறு ஊரோடு சேர்ந்துவிடும் ஜானிக்கு இடமில்லை.

அதே 1983இன் சனவரியில் நிகழ்ந்ததை இங்குக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. உரிய ஆவணமற்ற அயல்நாட்டார் இரண்டு வாரங்களுக்குள் வெளியேற வேண்டும் என நைஜீரிய அரசு ஆணையிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் எண்ணெய்ப் பணக் காலத்தில் வேலை தேடி வந்த கானா நாட்டவர். பத்து இலட்சம் பேர் வரை வெளியேறினர் என்பர். கானா தன் எல்லையை அதற்கு முன்னரே மூடி வைத்திருந்தது. இடையில் உள்ள டோகோவும் பெனினும் வழிவிடத் தயங்கின. மக்கள் சாலையிலும் துறைமுகத்திலும் காத்துக் கிடந்தனர். கையில் கிடைத்ததைத் திணித்து அவர்கள் எடுத்துச் சென்ற கட்டம் போட்ட பைகளுக்கு ‘கானா மஸ்ட் கோ’ என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. இதற்கு முன் 1969இல் கானா அரசும் அதே இரண்டு வாரக் கெடுவை நைஜீரியர்களுக்கு விதித்திருந்தது. அவர்களுள் பலர் கானாவிலேயே தலைமுறைகளாக வாழ்ந்த யொரூபா வணிகர்கள்.

இவர்களும் வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியவர்களே. ‘இறங்கினான்’ என்னும் சொல் இவர்களுக்கும் பொருந்தும். ஆனால் இறக்கிவிடப்பட்டவர்கள் என்பதே சரி. எண்ணிக்கையில் பார்த்தால் இலண்டனிலிருந்து கோட்டோடு இறங்கிய ஜானிகளைவிட இவர்கள் பல மடங்கு. மேற்கு ஆப்பிரிக்காவில் ‘ஊர் திரும்புதல்’ என்னும் பொருளைப் பேச வரும் ஆய்வாளர் இலண்டன் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதி உண்மையைத் தவறவிடுவர். விளையாட்டுப் பாடலுக்கு ஏற்ற திரும்புதல் ஒன்று உண்டு. அது விரும்பித் திரும்புதல். ஜானி கேலியைத் தாங்கிக்கொள்வான் என்பது பாடகருக்கும் கூட்டத்துக்கும் தெரியும். அவனிடம் விமானச் சீட்டும் வேலையும் இருக்கின்றன. அதனால்தான் அச்சிரிப்பில் கொடுமை இல்லை. மாணவருக்கு அன்று நாம் சொல்லத் தவறியது இதுவே: ஜானி பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை, சிரித்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆகிவிடாது என்பதால் சிரித்தார்கள்.

பாடலில் ஆரவாரிக்கும் அந்தக் கூட்டத்துக்கு அவ்வாறு சொல்ல இயலாது. 1977 பெப்ரவரி 18ஆம் நாள் ஏறத்தாழ ஆயிரம் படைவீரர்கள் கலகூத்தா இல்லத்தைச் சூழ்ந்து தாக்கி எரித்தனர். ஃபெலாவின் தாயார் சாளரத்தின் வழியே தூக்கி எறியப்பட்டார். அக்காயங்களோடு வாழ்ந்து அடுத்த ஆண்டு இறந்தார். ஃபெலா கானாவுக்குச் சென்று தங்கினார். 1978இல் அந்நாட்டு அரசு அவரை வெளியேற்ற, இலாகோஸுக்குத் திரும்பினார். அக்ராவிலிருந்து இலாகோஸ் விமானத்தில் ஒரு மணி நேரப் பயணம்.